கேமரா புதன்கிழமை வந்து சேரும்

முள்ளுப்பாறைக் காலனி,
பண்ணைக்காடு வழி.
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, 2006.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மைத்துனன் யோகராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும், ஸ்டுடியோவுக்கு இந்த ஆவணியில் முகூர்த்தங்கள் குறையாமல் வர வேண்டும் என்று பழனி இருக்கும் திசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன். திசை தோராயம்தான். பனி மூடியிருக்கிறது.

முதலில் நீங்கள் கேட்க நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். கேமரா நன்றாக இருக்கிறது. லென்ஸில் கீறல் இல்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ‘ராஜமுருகன் வீடியோஸ், பழனி. திருமணம், காதணி விழா, புதுமனைப் புகுவிழா’ ஸ்டிக்கர் மட்டும் ஈரத்தில் ஒரு மூலை கிளம்பிவிட்டது. அதையும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்கு உங்களுக்குக் கேமரா வேண்டும் என்பது என் நினைவில் இருக்கிறது. வேறு எதுவும் நினைவில் இல்லை என்றுகூடச் சொல்லலாம். இங்கே செல்போனுக்கு டவர் கிடையாது. அதனால்தான் கடிதம். பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப்பழம் ஏற்றிக்கொண்டு நாளைக் காலை பழனிக்கு வரும் ஜீப் டிரைவர் பழனிமுத்து இந்தக் கடிதத்தையும் கேமராவையும் சேர்த்தே உங்கள் கையில் கொடுப்பார்.

சில நாளைக்கு என்று வாங்கிவந்தது ஏன் இத்தனை நாள் ஆனது என்பதை எழுத வேண்டும். எழுதினால் எனக்கும் புரியலாம்.

கல்லூரியில் மனிதன் நடப்பதை அளக்க ஒரு அறை இருக்கிறது. ஆளை அரை டிராயரோடு நிற்க வைத்து இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் மின்னும் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் கேமராக்கள். உருண்டை போகும் வழியைக் கணினி பிடித்துக்கொள்ளும். கால் எவ்வளவு மடங்கியது, அடி எவ்வளவு நீளம், எல்லாம் வரும். ஆனால் உடம்பெல்லாம் உருண்டை ஒட்டிய மனிதன் எப்படி நடப்பான்? வளையல் கடைக்குள் நடப்பதுபோல நடப்பான். அது அவன் நடை இல்லை. என் ஆய்வு இதுதான் மாமா. உருண்டை வேண்டாம். சாதாரண வீடியோ போதும். படத்திலிருந்து பின்னணியைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது ஆள். அந்த ஆளின் உருவத்தை வைத்தே முழங்கால் எங்கே, கணுக்கால் எங்கே என்று கணினி கண்டுபிடித்துவிடும். மனிதன் தன்பாட்டுக்கு நடந்து போகலாம்.

“தன்பாட்டுக்கு நடக்கிற மனிதனை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?” என்று என் பேராசிரியர் கேட்டார். தினமும் மேட்டில் ஏறி இறங்குகிறவர்கள் பத்துப் பேர் இயல்பாக நடப்பதை எடுத்துவரச் சொன்னார். முடியாவிட்டால் அடுத்த மாதம் முதல் நானும் உருண்டை ஒட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிட வேண்டும். மூன்று வருட வேலை குப்பைக்குப் போகும்.

பத்துப் பேர். பத்துப் பேர் நடக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

இந்தக் காலனியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பண்ணைக்காட்டிலிருந்து ஜீப், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதை. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் வீடுகள். வரிசை வீடுகளை இன்னும் லயம் என்றுதான் சொல்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. அரிசியும் மண்ணெண்ணெயும் தோளில்தான் இறங்க வேண்டும். என் ஆய்வுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது என்று நினைத்தேன்.

வந்ததும் பாதையில் சமதளமாக இருந்த இடத்தில் இரண்டு முனையிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்புகளை நட்டேன். படத்தில் கம்பின் உயரம் தெரிந்தால்தான் அடியின் நீளத்தைக் கணக்குப் போட முடியும். எதிரே ஸ்டாண்டு. ஸ்டாண்டின் மேல் கேமரா. பின்னால் கண்ணாடி போட்ட ஒருவன் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான். நீங்களே சொல்லுங்கள் மாமா, இதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கு இது மறுநாள்தான் உறைத்தது.

முதல் நாள் பனியோடு போயிற்று. பனி நகர்வதால் நான் கூடவே கொண்டுவந்த மடிக்கணினி அதையும் ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டு, அதற்கு முழங்கால் கண்டுபிடித்தது. குறுக்கே வந்த ஆட்டுக்கும். நடுவே சேலை கட்டிய ஒருவர் கடந்து போனபோது மட்டும் முழங்காலே இல்லை என்று சொல்லிவிட்டது.

மறுநாள் வெயில். முதலில் வந்தவர் தங்கமுத்து. ஐம்பது வயதிருக்கும். மாசியில் காமன் கூத்துக்கு வேஷம் கட்டுகிறவர். கம்பைத் தாண்டும்போது பார்த்தேன், நொண்டுகிறார். பாவமாக இருந்தது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவரும் நொண்டுகிறார். அவருக்குப் பின்னால் தலையில் விறகு இல்லாமல், கையில் பை இல்லாமல், குளித்துத் தலைவாரிக்கொண்டு ஊரே வரிசையாக வருகிறது, எல்லோரும் நொண்டுகிறார்கள், ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொள்கிறார், ஒருவர் என் கம்பையே பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குகிறார், நான் தண்ணீரில் ஏதாவது இருக்குமோ, எலும்பைப் பிடிக்கிற உப்பு ஏதாவது இருக்குமோ என்று யோசித்து மத்தியானத்துக்குள் ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்து அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. அதில் என் பெயரும் இருக்கிறது.

சாயங்காலம் திடீரென்று மழை. கொடியில் துணி கிடந்தது, பாறையில் விறகு காய்ந்தது. ஊரே ஓடியது. தங்கமுத்து ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவினார். நான் கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒன்றையும் எடுக்கவில்லை.

வார்டு மெம்பர் சுந்தரராஜ் குடை பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார். அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

“ஏங்க, காலையில எல்லாரும் நொண்டுனாங்களே?” என்றேன்.

“ஆமாங்க சார். மிச்சம் கஷ்டம்ங்க.” மிச்சம் என்றால் இவர்கள் பேச்சில் ரொம்ப.

“இப்ப ஓடுறாங்க.”

“மழைங்க சார்.”

அவராகவே சொன்னார். “போன தடவ ரோட்டுக்கு மனுப் போட்டு ஒரு ஆபீசர் வந்தாருங்க. அன்னிக்குன்னு பாத்து எங்க பயலுக சிமெண்ட் மூட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுல வெரசா ஏறிக்கிட்டு இருந்தானுக. அவரு ஒரு கல்லுல உக்காந்து பாத்தாரு. ‘பொதுமக்கள் சிரமமின்றி நடமாடுகின்றனர்’னு எழுதிட்டுப் போயிட்டாரு. ஃபைல மூடிட்டாங்க. ஒழுங்கா நடந்ததுக்கு எங்களுக்குக் கெடச்ச தண்டன. இனிமே எவனும் ஆபீசர் முன்னால நல்லா நடக்கக் கூடாதுன்னு கூட்டம் போட்டு முடிவு பண்ணிருக்கோம்.”

நான் ரோட்டுக்கு வந்தவன் இல்லை, நடக்கிறதை அளக்க வந்தவன் என்றேன். “அதத்தான சார் சொல்றேன். நடக்கக் கஷ்டப்படுறத அளந்தாத்தான ரோடு வரும்?” என்றார். நான் மாணவன் என்றேன். சிரித்தார். கடைசியில் கேமராப் பெட்டியின் ஸ்டிக்கரைக் காட்டினேன். திருமணம், காதணி விழா என்று வாய்விட்டுப் படித்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. “புரியுதுங்க சார். வெளிய தெரியாமப் பாத்துட்டு வரச் சொல்லிருக்காக.”

உங்கள் ஸ்டிக்கரால் என்னை யாரும் நம்பவில்லை மாமா. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இந்தப் படங்களால் எனக்குப் பயனில்லை என்று காட்டிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, கேமராவின் சின்னத் திரையை விரித்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அது நான் செய்த அடுத்த பிழை. சுந்தரராஜின் மனைவி லெட்சுமியக்கா முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

“ஏண்ணே தங்கமுத்தண்ணே, இந்தக் கம்புகிட்ட வாறப்ப எடது காலு நொண்டுது. அந்தக் கம்பத் தாண்டுறப்ப வலது காலு நொண்டுது. ஒனக்கு எந்தக் காலு நோவு?”

“ரெண்டும்தான். ஒரே காலப் போட்டு நொண்டுனா அது தேஞ்சு போகும்ல.”

“கூத்துலயும் இப்படித்தான் பாதியில வேஷத்த மாத்துவ.”

“நீ வந்து நொண்டிக் காட்டு. அப்பறம் பேசு.”

“எனக்குச் சோலி கெடக்கு.”

கூடிப் பேசினார்கள். ஆண்களுக்கு இடது கால், பெண்களுக்கு வலது கால் என்று முடிவானது. மறுநாள் அதே வரிசை, அதே காலில், அதே அளவில் நொண்டிக்கொண்டு போனது. குடியரசு தின அணிவகுப்பு நொண்டியிருந்தால் அப்படி இருக்கும். என் கணினியில் இவ்வளவு சீரான கோடுகளை நான் பார்த்ததே இல்லை. இருப்பதிலேயே சிறந்த தரவு. அத்தனையும் பொய்.

சும்மா நடங்கள் என்று கெஞ்சினேன். சும்மான்னா எப்படி என்றார்கள். நடந்து காட்டினேன். மாமா, கல்லூரியில் மூன்று வருடமாக நடையைப் பற்றித்தான் படிக்கிறேன். இரண்டு கம்புக்கு நடுவே, முப்பது நாற்பது பேர் பார்க்க, சும்மா நடக்க வேண்டும் என்று ஆரம்பித்ததும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மறந்துவிட்டது. குதிகால் முதலில் விழ வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நினைத்தேன். முழங்கால் எத்தனை பாகை மடங்க வேண்டும் என்பதை நினைத்தேன். ஒரு கால் இன்னொரு காலுக்குக் காத்திருந்தது.

“தம்பி, நீங்க ஏன் நொண்டுறீக? நீங்க வெளியூரு, ஒங்களுக்கு வேணாம்” என்றார் லெட்சுமியக்கா.

பார்க்கிற கண் இருக்கிற இடத்தில் நடை இல்லை. நடை இருக்கிற இடத்தில் கண் இருக்க முடியாது. இதை ஆய்வின் முதல் பக்கத்தில் எழுதலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இருக்காது என்றும் தோன்றியது. வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடி வெளியே போனேன்.

மறுநாள் தூறல். கேமரா நனையாமல் இருக்க ஸ்டாண்டோடு சேர்த்து ஒரு சாக்கைப் போர்த்தினேன். பதறாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் தாளும் சுற்றியிருந்தேன். சாக்கில் லென்ஸ் அளவுக்கு ஒரு கிழிசல். அதை நான் கிழிக்கவில்லை, ஆனால் அதைப் பார்த்துத்தான் அந்தப் பக்கமாகத் திருப்பிப் போர்த்தினேன். போர்த்திய கேமரா தூங்குகிறது என்று ஊர் எடுத்துக்கொண்டது. கேமரா தூங்கவில்லை.

நடந்தார்கள், மாமா. ஒருவர் தோளில் கேஸ் சிலிண்டர், ஒருவர் தலையில் ரேஷன் அரிசி, லெட்சுமியக்கா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாகப் பின்னால் வருகிறவரைத் திட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் போகிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கல்லைப் பார்க்காமல் காலை வைக்கிறார்கள், கால் சரியாகக் கல்லின் மேல் விழுகிறது. பத்துப் பேர் கேட்டேன். மத்தியானத்துக்குள் முப்பது பேரைத் தாண்டிவிட்டது. சுமை இருக்கும்போது யாருக்கும் நொண்ட நேரமில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நேற்றுக் காலை தங்கமுத்துவின் மகள் தமயந்திக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த பெண். ஒரு மர நாற்காலியை இரண்டு மூங்கிலில் கட்டி, அதில் அவளை உட்கார வைத்து, நான்கு ஆண்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு மேட்டில் ஏறினார்கள். முன்னால் தங்கமுத்து. இரண்டு கம்புக்கும் நடுவேதான் போனார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இந்த வரியை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், கடிதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அதுதான் முதலில் வந்தது. நாலு பேர், எட்டுக் கால், ஒரே தாளம். கணினி அதை ஒரே மிருகம் என்று எடுத்துக்கொண்டு எட்டுக் கால்களுக்கும் முழங்கால் கண்டுபிடித்தது. எட்டும் ஒரே அளவில் மடங்கின. ஒரு பிழை இல்லை. மேலே நாற்காலியின் கையை ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கிறது. விரல்கள் வெளுத்திருக்கின்றன. அதைக் கணினி பின்னணி என்று கழித்துவிட்டது. நான் எழுதிய நிரலில் கைக்கு இடமில்லை.

குழந்தை ஜீப்பிலேயே பிறந்துவிட்டது. பெண். இருவரும் நலம். புதிதாகப் போட்ட சீட் கவர் போயிற்று என்று பழனிமுத்துதான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்களிடமும் சொல்வார். அனுதாபம் காட்டுங்கள்.

ஆக, கேசட் கிடைத்துவிட்டது. ஆய்வு பிழைத்துவிட்டது. இப்போதுதான் என்னால் உட்கார முடியவில்லை. இந்தக் கேசட்டை சுந்தரராஜ் பார்த்தால் விடமாட்டார். ஊர் ஒன்றுகூடி மறைத்ததை ஒரு சாக்கின் கிழிசல் வழியாக நான் எடுத்துவிட்டேன். இதில் ஒருவர்கூட நொண்டவில்லை. இது கலெக்டர் ஆபீஸ் பக்கம் போனால் ஃபைலை மறுபடி மூடிவிடுவார்கள், அழித்துவிடுங்கள் என்பார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. என் ஆய்வின் முடிவுரையை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ‘இம்மக்கள் இயல்பாக, தடையின்றி நடக்கின்றனர்.’ அந்த ஆபீசர் கல்லில் உட்கார்ந்து எழுதிய அதே வாக்கியம். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதனால் கேசட்டை நான் யாரிடமும் காட்டாமல் கேமராவோடு உங்களுக்கே அனுப்புகிறேன். தயவுசெய்து அதன் மேல் யாருடைய காதணி விழாவையாவது எழுதி ஒட்டி அலமாரியில் வையுங்கள். அதன் மேல் வேறு எதையும் பதிந்துவிடாதீர்கள். யாருக்கும் போட்டுக் காட்டாதீர்கள், அக்காவுக்குக்கூட. மடிக்கணினியில் படம் நிற்க இடமில்லை, கோடுகள்தான் இருக்கின்றன; வேறு நகல் கிடையாது. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமைக் கல்யாணம் மழையில்லாமல் நடக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் கேமராவைப் பார்த்து விறைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். விறைத்துக்கொண்டாலும் அது அவர்கள் தப்பில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அக்காவுக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
யோகராஜ்.

பின்குறிப்பு: மாமா, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது சுந்தரராஜ் வந்துவிட்டார். ஊருக்குப் போகுமுன் எங்கள் நொண்டலை ஒரு தடவை காட்டுங்கள் என்றார். கேமராவுக்குள் இருந்தது சாக்குக் கிழிசல் வழியாக எடுத்த கேசட். பொத்தானை அழுத்திவிட்டேன். தவறுதலாக என்று எழுதலாம். தவறுதல் இல்லை. லெட்சுமியக்காவும் தங்கமுத்துவும் கூட வந்து நின்றார்கள். நாற்காலி போய் முடியும்வரை மூவரும் குனிந்து பார்த்தார்கள். “நானா இது? இம்புட்டு வெரசாவா போனேன்?” என்றார் தங்கமுத்து. “பின்ன, மேல இருந்தது ஒம் மகள்ல” என்றார் லெட்சுமியக்கா. சுந்தரராஜ் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு சொன்னார்: “நாங்க நொண்டுனது தப்புங்க சார். எதுக்கு இப்படி ஓடுறானுகன்னு பாத்தாலே போதுமே. இதையே குடுத்துருவோம்.” சரி என்றேன். கலெக்டர் ஆபீஸில் இவ்வளவு சின்னக் கேசட்டைப் போட்டுப் பார்க்க எதுவும் இருக்காது, அந்தக் கேமராவே வேண்டும் என்று உண்மையைச் சொன்னதும் நான்தான். அதற்கென்ன என்று அதையும் வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சாயங்கால ஜீப்பில் கிளம்பிவிட்டார். கலெக்டர் லீவாம். திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே பழனிமுத்து கையில் இந்தக் கடிதம் மட்டும் வரும். வெள்ளிக்கிழமைக்கு வேறு கேமரா பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே இப்போது வேலை ஒன்றும் இல்லை. கம்புகளுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கேமரா போய்விட்டது ஊருக்கே தெரியும். ஒவ்வொருவராகக் கடந்து போகிறார்கள், சுமை இல்லாமல், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியபடி, தன்பாட்டுக்கு. பத்துப் பேருக்கு மேல் ஆகிவிட்டது.